எந்த ஊரில் குடியிருப்பது?

மட்டாஞ்சேரி பழைய ஊர். மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் ஊர். காக்கநாடு புதிதாக வளர்ந்த ஊர். உயரமான கட்டடங்கள் நிறைந்த ஊர். இரண்டும் எர்ணாகுளம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. சாலை வழியே போனால் 15 கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

மட்டாஞ்சேரியிலும் அதன் பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே வெளி என்ற இடத்தில் டோபி கானா இருக்கிறது. தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர்கள் அங்கே துணி வெளுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்களில் இன்று ஒரு கேள்வி எழுகிறது. இங்கேயே இருப்பதா? காக்கநாட்டுக்குப் போவதா?

"அங்கே வேலை கிடைக்கும்" என்கிறார் ஒருவர். "இங்கே வாடகை குறைவு" என்கிறார் மற்றொருவர். "எந்த ஊரில் வீட்டு வரி கம்மியோ அந்த ஊருக்குப் போ" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பேச்சைக் கேட்டு முடிவு செய்ய முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டு வரி எதற்கு?

தெருவிளக்கு எரிகிறது. சாக்கடையைத் தூர் வாருகிறார்கள். குப்பையை அள்ளுகிறார்கள். தெருச் சாலையைச் செப்பனிடுகிறார்கள். இவற்றைச் செய்வது ஊராட்சி, நகரசபை, மாநகராட்சி ஆகியவை. இதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி வீட்டு வரியாக வருகிறது. சொத்து வரி, கட்டட வரி என்றும் இதைச் சொல்வார்கள்.

மட்டாஞ்சேரி கொச்சி மாநகராட்சியைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் என்று முன்பு மூன்று நகரசபைகள் இருந்தன. 1967ஆம் ஆண்டில் அவற்றையும் சுற்றியுள்ள சில இடங்களையும் சேர்த்து இந்த மாநகராட்சியை அமைத்தார்கள். காக்கநாடு திருக்காக்கரை நகரசபையைச் சேர்ந்தது. அது 2010இல் நகரசபை ஆனது. ஆகவே இரண்டு ஊருக்கும் வரி போடும் இடம் வேறு வேறு.

வரி எப்படிப் போடுகிறார்கள்?

கேரளத்தில் கட்டடத்தின் பரப்பளவை வைத்து வரி போடுகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் அரசு சொல்லும். அதற்கு உட்பட்டு நகரசபையோ மாநகராட்சியோ விகிதத்தை முடிவு செய்யும்.

பரப்பளவு மட்டும் போதாது. வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது? வீட்டுக்கு வரும் சாலை அகலமா, குறுகலா? கட்டடம் பழையதா, புதியதா? கூரை ஓடா, காங்கிரீட்டா? இவற்றையும் பார்ப்பார்கள். அதனால் ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளுக்கு வரி வேறுபடலாம். 2023ஆம் ஆண்டு முதல் இந்த வரி ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்கிறது.

சிறிய வீட்டுக்கு விலக்கு உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் இந்த வரி இல்லை. 60 சதுர மீட்டர் என்பது சுமார் 645 சதுர அடி. 20 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள வீடு 600 சதுர அடி. அது இந்த அளவுக்குள் வரும். ஒருவருக்கு ஒரு வீட்டுக்குத்தான் விலக்கு. அடுக்குமாடி வீட்டுக்குக் கிடையாது. விலக்கு வேண்டுமானால் உரிமையாளர் நகரசபையில் கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

நிலத்துக்கு வேறு வரி. அதை வில்லேஜ் ஆபீஸில் கட்டுகிறார்கள். புதிதாகக் கட்டிய வீடு 100 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் இன்னொரு வரியும் உண்டு. அது ஒரே ஒரு முறை கட்டும் வரி. வீடு வாங்குபவர் இந்த மூன்றையும் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.

வாடகைக்கு இருப்பவருக்கு வரி இல்லையா? வீட்டுக்காரர்தான் வரி கட்டுகிறார். ஆனால் அதையும் மனத்தில் வைத்துத்தான் வாடகையைச் சொல்வார். ஆகவே வரி எல்லாருடைய பையையும் தொடுகிறது.

இரண்டு ஊர், இரண்டு நிலைமை

மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் கிடங்குகள் நிறைந்திருந்தன. படகில் சரக்கு வந்தது. சுமை தூக்குபவர்களுக்கு நாள்தோறும் வேலை இருந்தது. பிறகு பெரிய பெட்டிகளில் சரக்கை ஏற்றும் முறை வந்தது. 2011இல் வல்லார்பாடத்தில் புதிய பெட்டித் துறைமுகம் திறந்தார்கள். பஜார் ரோட்டில் பல கிடங்குகள் பழைய பரபரப்பை இழந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். கடைகள் இருக்கின்றன. ஆனால் பழையபடி எல்லாருக்கும் வேலை இல்லை. மழைக்காலத்திலும் கடல் ஏற்றத்தின் போதும் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கிறது.

காக்கநாட்டின் கதை வேறு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கே இருக்கிறது. 2004இல் இன்ஃபோபார்க் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. துப்புரவு வேலை, சமையல் வேலை, காவல் வேலை, ஓட்டுநர் வேலை எல்லாம் கூடவே வந்தன. வாடகையும் ஏறியது. பல அடுக்குமாடிகளில் லாரித் தண்ணீரை நம்பி வாழ்கிறார்கள். 2023 மார்ச் மாதம் பக்கத்தில் உள்ள பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் புகை. காக்கநாட்டு மக்கள் மூச்சு விடத் திணறினார்கள்.

ஆக, குறை இல்லாத ஊர் இல்லை. நம் குடும்பத்துக்கு எந்த ஊர் ஒத்துவரும் என்பதே கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காகச் சொல்பவை. உங்கள் ஊர்த் தொகை வேறாக இருக்கும்.

கணவருக்கு டோபி கானாவில் வேலை. மனைவிக்குக் காக்கநாட்டில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. மட்டாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

"என்னங்க, அங்கே வரி கம்மியாம். அங்கேயே போயிடலாமா?" என்று மனைவி கேட்கிறார்.

"எவ்வளவு கம்மி?" என்கிறார் கணவர்.

"வருஷத்துக்கு 300 ரூபாய்."

"அப்படின்னா மாசத்துக்கு 25 ரூபாய். ஒரு நாள் பஸ் காசுக்குக் கூடப் பத்தாதே!"

இருவரும் நோட்டை எடுத்தார்கள்.

மட்டாஞ்சேரியில் இருந்தால் வாடகை 7,000 ரூபாய். மனைவியின் பஸ் செலவு நாளுக்கு 70 ரூபாய். 26 நாளுக்கு 1,820 ரூபாய். மொத்தம் 8,820 ரூபாய்.

காக்கநாட்டுக்குப் போனால் வாடகை 9,000 ரூபாய். இப்போது பஸ்ஸில் போக வேண்டியவர் கணவர். அதற்கு 1,820 ரூபாய். தண்ணீர் வாங்க 500 ரூபாய். மொத்தம் 11,320 ரூபாய்.

வீடு மாறினால் மாதம் 2,500 ரூபாய் அதிகம்.

"எனக்கும் அங்கேயே வேலை கிடைச்சா?" என்று கணவர் கேட்டார். மறுபடியும் கூட்டினார்கள். இருவருக்கும் காக்கநாட்டில் வேலை என்றால் அங்கே செலவு 9,500 ரூபாய். மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இருவரும் போய்வந்தால் 10,640 ரூபாய். இப்போது காக்கநாடே லாபம்.

வரி கணக்கை மாற்றவில்லை. வேலை இருக்கும் இடம்தான் கணக்கை மாற்றியது. இதில் நேரத்தையும் சேர்க்க வேண்டும். பஸ்ஸில் போகும் நேரம் பிள்ளைகளோடு இருக்கும் நேரம் அல்லவா? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆபத்துக்கு உதவும் உறவினர் ஆகியவற்றுக்கும் ஒரு விலை உண்டு. அது நோட்டில் வராது. ஆனாலும் மனத்தில் வர வேண்டும்.

வேலை போன ஊர்

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் அங்கே சுரங்கத்தில் உழைத்தார்கள். கம்பெனி வீடு கொடுத்தது. தண்ணீர் கொடுத்தது. ஆஸ்பத்திரி நடத்தியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள்.

வேலை போனது. ஊர் இருந்தது. வீட்டுச் செலவு குறைவுதான். ஆனால் சம்பாதிக்க பெங்களூருக்குப் போக வேண்டும். அது சுமார் 100 கிலோமீட்டர். இன்றும் விடியும் முன்பே ரயிலேறிப் போய் இரவில் திரும்புபவர்கள் அங்கே ஏராளம். செலவு குறைந்த ஊர் என்றாலும் அவர்கள் உழைப்பையும் தூக்கத்தையும் விலையாகக் கொடுக்கிறார்கள்.

வரியால் வீடு போன ஊர்

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்ற நகரம் இருக்கிறது. கார் செய்யும் நகரம். 1950இல் அங்கே 18 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்தார்கள். தொழிற்சாலைகள் குறைந்தன. மக்கள் வெளியேறினார்கள். 2010இல் சுமார் 7 லட்சம் பேர்தான் இருந்தார்கள்.

மக்கள் போனாலும் சாலை போகாது. தண்ணீர்க் குழாய் போகாது. அவற்றைப் பராமரிக்கும் செலவு மிச்சம் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. 2013இல் அந்த நகராட்சி திவால் ஆனது.

அங்கே வீட்டு விலை மிகவும் இறங்கிவிட்டது. ஆனால் பல வீடுகளுக்கு உண்மை விலையைவிட அதிக மதிப்புப் போட்டு வரி கேட்டார்கள். வரி கட்ட முடியாதவர்களின் வீடுகள் ஏலத்துக்குப் போயின. 2011 முதல் 2015 வரை அந்த நகரத்தில் நான்கில் ஒரு சொத்து இப்படிப் பறிபோனது.

இதில் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. ஏழைகளுக்கு வரி விலக்கு அங்கே சட்டத்தில் இருந்தது. பலருக்கு அது தெரியாது. விண்ணப்பம் போடவில்லை. வீட்டை இழந்தார்கள்.

எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம். 1990 பிப்ரவரி 4 அன்று அப்படி அறிவித்தார்கள். கற்ற எழுத்து வரி நோட்டீஸைப் படிக்கவும் உதவ வேண்டும். கேரளத்தில் நோட்டீஸ் மலையாளத்தில் வரும். மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். தொகை, தேதி, வீட்டு எண் ஆகியவற்றைத் தானே பார்த்துக்கொள்ளலாம். அளவு தவறாக இருந்தால் எழுதிக் கொடுத்துத் திருத்தம் கேட்கலாம்.

ரசீது இருந்தால் போதுமா?

"வரி கட்டிய ரசீது இருக்கிறது. வீடு நம்முடையதுதான்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வரி ரசீது வரி கட்டியதற்குச் சாட்சி. அது உரிமைப் பத்திரம் ஆகாது.

கொச்சிக்குப் பக்கத்தில் மரடு என்ற ஊர். காயல் கரையில் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் இருந்தன. 300க்கு மேல் வீடுகள். வாங்கியவர்கள் வரி கட்டினார்கள். ஆனால் கட்டடங்கள் கடலோர விதியை மீறிக் கட்டியவை. உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவற்றை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வரி ரசீது அந்த வீடுகளைக் காப்பாற்றவில்லை.

ஆகவே வீடு வாங்குமுன் பத்திரம், கட்டட அனுமதி, வில்லன்க சான்று ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பழைய வரி பாக்கி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வரியைக் கம்ப்யூட்டர் மூலமும் கட்டலாம். அக்ஷயா மையத்தில் உதவி கிடைக்கும். கட்டிய ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

வரி குறைந்த ஊர் எல்லாம் நல்ல ஊர் இல்லை. வரி கூடிய ஊர் எல்லாம் கெட்ட ஊரும் இல்லை. கட்டும் வரிக்குத் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, குப்பை போகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டும். வரி கட்டுபவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

யோசித்துச் சொல்லுங்கள்

1. உங்கள் வீட்டின் நீளம் எத்தனை அடி? அகலம் எத்தனை அடி? பெருக்கிப் பாருங்கள். எத்தனை சதுர அடி?

2. வாடகை, பஸ், தண்ணீர் ஆகியவற்றுக்கு உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு ஆகிறது? ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள்.

3. உங்கள் தெருவில் வரிப் பணத்தால் நடக்கும் வேலைகள் எவை? நடக்காத வேலைகள் எவை?