விளக்கு எரியவில்லை, மின்கலன் மட்டும் சுடுகிறதா?

கடையில் வாங்கிய 'ஓடும் விளக்கு' கிட் ஒன்றை வீட்டிலேயே ஈயம் பற்றவைத்து முடித்திருக்கிறீர்கள். நான்கு ஏஏ மின்கலன்களைப் பெட்டியில் போட்டு விசையைத் தட்டுகிறீர்கள். பத்து எல்இடி விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. ஆனால், சிறிது நேரத்தில் மின்கலன் பெட்டி சுடத் தொடங்குகிறது. பலர் அப்போது மின்கலன்தான் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதியதைப் போட்டு மறுபடியும் முயல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் மின்கலன்களைக் கழற்றி வையுங்கள்.

இடைநிலைப்பள்ளியில் ஆர்.பி.டி. பாடத்துக்காக மின்னணுக் கருவி செய்யும் மாணவர்களும், தீபாவளிக்கு வாசலில் மாட்ட விளக்குச் செய்பவர்களும் அடிக்கடி சந்திக்கும் கோளாறு இது. இதன் பெயர் குறுக்குச் சுற்று, அதாவது ஷார்ட் சர்க்கியூட்.

கசிவு அல்ல, குறுக்கு வழி

தீ விபத்துச் செய்திகளில் இதை 'மின்கசிவு' என்று எழுதிவிடுகிறோம். கசிவு வேறு, குறுக்குச் சுற்று வேறு. மின்சாரம் காப்புறையைத் தாண்டி, போகக்கூடாத இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போவது கசிவு. விளக்கு, மின்தடை, ஐ.சி. ஆகியவற்றின் வழியே சுற்றி வரவேண்டிய மின்சாரம், அவற்றையெல்லாம் விட்டுவிட்டு நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு நேராகப் பாய்வது குறுக்குச் சுற்று.

எவ்வளவு பாயும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு ஏஏ மின்கலன்கள் சேர்ந்தால் 6 வோல்ட். ஓடும் விளக்குக்குத் தேவைப்படுவது சுமார் 20 மில்லி ஆம்பியர்தான். குறுக்குச் சுற்றில் மின்சாரத்தைத் தடுப்பது மின்கலன்களின் உள்தடையும் கம்பி, ஸ்பிரிங் ஆகியவற்றின் தடையும் மட்டுமே. எல்லாம் சேர்த்து 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 6 ஆம்பியர் பாயும். இது வழக்கமான அளவைப்போல் 300 மடங்கு. வெப்பமாக மாறும் ஆற்றல் 36 வாட். நீங்கள் ஈயம் உருக்கிய சோல்டரிங் அயனின் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி மின்கலனுக்குள்ளேயே உருவாகிறது.

வீட்டு மின்சாரத்தில் இப்படி நடந்தால் டிபி பெட்டியில் விசை தானாக விழுந்துவிடும். மின்கலன் பெட்டியில் அப்படிக் காவல் எதுவும் இல்லை. பழைய பவர் பேங்கிலிருந்து கழற்றிய லித்தியம் மின்கலன் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் பல பத்து ஆம்பியர் பாய்ந்து தீப்பற்றக்கூடும். கிட்டைச் சோதிக்க அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

முதலில் கண், பிறகு மீட்டர்

மின்கலனைக் கழற்றியாயிற்று. இனி பலகையின் பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஐ.சி. கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர். ஈயப் புள்ளிகளுக்கு நடுவே மிஞ்சும் இடைவெளி அதைவிடச் சிறியது. ஒரு துளி ஈயம் அதிகமானாலே பக்கத்துக் காலோடு பாலம் போட்டுவிடும். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது எளிதில் தெரியும். பச்சை நிறக் கண்ணாடியிழைப் பலகையாக இருந்தால் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். செப்புத் தடங்களுக்கு நடுவே வெளிச்சம் வரும். பாலம் இருக்கும் இடம் இருட்டாகத் தெரியும்.

இவற்றையும் கவனியுங்கள்: வெட்டாமல் விட்ட நீளமான கால்கள் வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றனவா? கம்பியின் ஓர் இழை மட்டும் பிரிந்து நிற்கிறதா? பலகையை மைலோ டின்னிலோ பிஸ்கட் டின்னிலோ நேராக வைத்திருக்கிறீர்களா? தகரமும் மின்கடத்திதான். அடியில் தடித்த அட்டை வைத்தால் போதும்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். 20, 30 வெள்ளிக்குக் கிடைக்கும் மீட்டரே போதும். 200 ஓம் அளவில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். 0.3 அல்லது 0.5 என்று காட்டும். அது மீட்டர் கம்பிகளின் தடை. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்கலன் இல்லாத நிலையில் விசையை மட்டும் போட்டு, பலகைக்கு வரும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளுக்கு இடையே அளவெடுங்கள்.

அதே எண் வந்தால் எங்கோ உலோகத்தோடு உலோகம் தொடுகிறது. முனைகளை இடம் மாற்றியும் ஒருமுறை அளவெடுங்கள். ஈயப் பாலம் என்றால் இரு பக்கமும் ஒரே எண்தான் வரும். பக்கத்துக்குப் பக்கம் எண் மாறினால், அளவு ஒரு டயோடு அல்லது ஐ.சி. வழியாக வருகிறது என்று பொருள். எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் கவலை வேண்டாம். மீட்டரின் மின்சாரத்தில் மின்தேக்கி நிரம்புகிறது, அவ்வளவுதான்.

மீட்டரின் 'பீப்' ஒலியை மட்டும் நம்பாதீர்கள். பல மீட்டர்கள் 30 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் ஒலிக்கும். 8 ஓம் ஒலிபெருக்கியும் சிறிய மோட்டாரும் கோளாறு இல்லாமலேயே 'பீப்' என்னும்.

பாதியாகப் பிரியுங்கள்

நம் ஓடும் விளக்கில் 555, 4017 என்று இரண்டு ஐ.சி.கள். ஈயப் புள்ளிகள் ஐம்பதைத் தாண்டும். ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தால் பலகைதான் பாழாகும்.

முதலில் இரண்டு ஐ.சி.களையும் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு அளவெடுங்கள். குறுக்குச் சுற்று மறைந்துவிட்டதா? அப்படியானால் 4017-ஐத் தலைகீழாகச் செருகினீர்களா என்று பாருங்கள். அதன் 16-ஆவது கால் நேர்முனைக்கும் 8-ஆவது கால் எதிர்முனைக்கும் உரியவை. திருப்பிச் செருகினால் இரண்டும் இடம் மாறி, உள்ளே இருக்கும் டயோடுகள் மின்சாரத்தை நேரே பாய விட்டுவிடும். ஐ.சி.யின் ஒரு முனையில் உள்ள பள்ளம் சாக்கெட்டின் பள்ளத்தோடு சேரவேண்டும்.

மறையவில்லை என்றால், நேர்முனைத் தடம் பலகையின் நடுவே எந்தக் கம்பியால் இணைகிறதோ அதன் ஒரு முனையை மட்டும் கழற்றி, இரண்டு பாதியையும் தனித்தனியே அளவெடுங்கள். கோளாறு உள்ள பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். 64 இடங்கள் இருந்தாலும் ஆறு முறை பிரித்தால் ஓர் இடத்துக்கு வந்துவிடலாம். பாலம் கிடைத்ததும் சுத்தமான அயன் முனையாலோ செப்பு இழைப் பின்னலாலோ அதிகமான ஈயத்தை எடுத்துவிடுங்கள்.

கைவினைஞரின் கோளாறு மட்டும் அல்ல

எங்கள் ஆயர் குரோவுக்கு அருகே உள்ள பத்து பெரெண்டாமில், 1973-இல் சீமென்ஸ் தொடங்கி இன்று இன்ஃபினியன் என்ற பெயரில் இயங்கும் ஐ.சி. தொழிற்சாலை இருக்கிறது. இத்தகைய ஆலைகளில் ஒவ்வொரு ஐ.சி.யும் வெளியே போகுமுன் மின்சோதனைக்கு உட்படும். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதாலேயே ஒன்று சரியானது ஆகிவிடாது.

2016-இல் சாம்சுங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 கைப்பேசிகளைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். முதற்கட்டத்தில் மட்டும் சுமார் 25 லட்சம் கைப்பேசிகள். 2017 ஜனவரியில் வெளியான ஆய்வு முடிவின்படி, ஒரு வகை மின்கலனில் பற்றவைப்பின்போது எழுந்த கூரிய உலோகப் பிசிறு, காப்பு நாடாவைக் கிழித்துக் குறுக்குச் சுற்றை ஏற்படுத்தியது. உங்கள் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முனையைப் போன்றதே அது.

மீண்டும் மின்கலனைப் போடும்போது

பாலத்தை எடுத்த பிறகும் உடனே நேரடி இணைப்புக் கொடுக்காதீர்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் 6 வோல்ட் முன்விளக்குக் குமிழ் ஒன்றை மின்கலனுக்கும் பலகைக்கும் நடுவே தொடராக இணையுங்கள். குறுக்குச் சுற்று இன்னும் இருந்தால் குமிழ் பிரகாசமாக எரியும். மின்சாரம் குமிழின் அளவோடு நின்றுவிடுவதால் எதுவும் கருகாது. குமிழ் எரியாமல் எல்இடி விளக்குகள் ஓடினால் வேலை முடிந்தது. குமிழை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

ஒருமுறை நன்றாகச் சூடேறிய மின்கலன்களை மறுபடியும் பயன்படுத்த வேண்டாம். அவை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் திரவம் கசிந்து, உங்கள் புதிய விளக்கின் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.