3டி படம் பார்த்தால் தலை வலிக்கிறதா? கோளாறு கண்ணில் இல்லாமல் எடிட்டிங் டேபிளில் இருக்கலாம்!

லீவுக்குக் குடும்பத்தோடு 3டி படம். டிக்கெட், கண்ணாடி, பாப்கார்ன் எல்லாம் ரெடி. இடைவேளை வருவதற்குள் அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிடுகிறார். "எனக்குத் தலை வலிக்குது, நீங்க பாருங்க" என்கிறார். பல வீடுகளில் நடப்பதுதான். 'வயசாச்சு, பவர் மாறியிருக்கும்' என்று பழியைக் கண் மேல் போட்டுவிடுகிறோம். ஆனால், பல நேரங்களில் தப்பு படத்தில்தான் இருக்கும்.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமுமாகத் தாவும். பெரியவர்களின் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக 6.5 செ.மீ. இடைவெளி இருப்பதால் வரும் வித்தியாசம் இது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது பக்கம், எது தூரம் என்று மூளை கணக்குப் போடுகிறது. 3டி சினிமா அதே மூளையை ஏமாற்றும் வேலை. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம். இரண்டும் ஒரே திரையில் விழ, பிரித்துக் கொடுப்பது மட்டும் கண்ணாடியின் வேலை.

மேலே கீழே நகர்ந்தால் ஆபத்து

படப்பிடிப்பில் பெரும்பாலும் இரண்டு கேமராக்கள். ஒன்று நேராகவும், இன்னொன்று அதற்குச் செங்குத்தாகவும் நிற்க, நடுவே பாதி ஒளியை விட்டு மீதியைத் திருப்பும் ஒரு கண்ணாடி. எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும் ஒரு கேமரா மயிரிழை உயரமாக இருக்கும், அல்லது லேசாகச் சாய்ந்திருக்கும். ஒரு லென்ஸ் கொஞ்சம் கூடுதலாக ஜூம் ஆகியிருக்கும். நம் கண்கள் பக்கவாட்டில் திரும்பிப் பழகியவை. ஒரு கண் மேலேயும் இன்னொன்று கீழேயும் பார்க்க அவற்றுக்குத் தெரியாது. படத்தில் அப்படி ஒரு பிசகு இருந்தால், அதைச் சரிசெய்யக் கண் தசைகள் படம் முழுக்கப் போராடும். அந்தப் போராட்டம்தான் தலைவலி.

அதனால் எடிட்டிங்கில் முதல் வேலை கதையை வெட்டுவதல்ல, இரண்டு படங்களையும் ஒட்டிப் பார்ப்பது. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு, ஜன்னல் மூலை, தூண், மூக்கு நுனி எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். இல்லையென்றால் ஒரு படத்தை ஏற்றி, இறக்கி, சுழற்றிப் பொருத்த வேண்டும். இப்படி நகர்த்தும்போது ஓரத்தில் காலியிடம் தெரியும். அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஓரங்கள் வெட்டுப்படும். கேமராமேன் ரசித்து வைத்த ஃப்ரேமில் கொஞ்சம் போனாலும் வேறு வழியில்லை. இடக்கண் படமும் வலக்கண் படமும் ஒரே ஒரு ஃப்ரேம் முன்பின்னாக ஓடினாலும், ஓடுகிற கால்களும் சுழல்கிற வாளும் தவறான தூரத்தில் தெரியும்.

13 பிக்சலில் இருக்கிறது விஷயம்

அடுத்தது ஆழம். வலக்கண் படம் இடக்கண் படத்துக்கு வலப்பக்கம் விலகியிருந்தால் பொருள் திரைக்குப் பின்னால் தெரியும். இரண்டும் குறுக்கே மாறி விழுந்தால் நம் மூக்குக்கு நேரே வரும். ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழுந்தால் திரையிலேயே நிற்கும். இரண்டு படங்களையும் பக்கவாட்டில் தள்ளினால் மொத்தக் காட்சியும் டிராலியில் வைத்த மேடைபோல முன்னோ பின்னோ போகும். ஆனால், படப்பிடிப்பில் இரண்டு லென்ஸுக்கும் நடுவே வைத்த இடைவெளியை எடிட்டரால் மாற்ற முடியாது. நடிகரின் முகம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாக வந்திருந்தால், அது வந்ததுதான்.

எவ்வளவு தள்ளலாம்? 10 மீட்டர் அகலத் திரை, 2கே படம் என்று வைத்துக்கொள்வோம். 2,048 பிக்சலில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 5 மி.மீ. பின்னால் தெரியும் மலைக்கு 13 பிக்சல் விலகல் கொடுத்தாலே 6.5 செ.மீ. ஆகிவிடும். அதைத் தாண்டினால் பார்ப்பவரின் கண்கள் வெளிப்பக்கமாகப் பிரிய வேண்டும். குழந்தைகளின் கண் இடைவெளி இன்னும் குறைவு என்பதால் சிரமம் அவர்களுக்கு முன்கூட்டியே வரும். அதே 13 பிக்சல், 1 மீட்டர் அகல டிவியில் வெறும் 6.5 மி.மீ. எடிட்டர் தன் மானிட்டரை மட்டும் நம்பி 'சூப்பர் டெப்த்' என்று ஓகே சொன்ன காட்சி, தியேட்டரில் கண்ணைப் பிடுங்குவது இதனால்தான்.

வெட்டும் இடத்தில் தடுமாற்றம்

தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று முகத்துக்கு முன்னால் ஒரு கை! கண்கள் ஓடிவந்து சேர ஒரு நொடியாவது தடுமாறும். ஒரு தடவை என்றால் த்ரில். சண்டைக் காட்சியில் நூறு வெட்டுக்கு நூறு தடவை என்றால் தண்டனை. அதனால் முடியப்போகும் ஷாட்டின் ஆழத்தையும் தொடங்கும் ஷாட்டின் ஆழத்தையும் வெட்டும் இடத்தில் ஒரே தூரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு யாருக்கும் தெரியாமல் மெல்ல விடுவிக்கிறார்கள். சப்டைட்டிலுக்கும், புகைபிடிக்கும் காட்சியில் வரும் எச்சரிக்கை வாசகத்துக்கும்கூட இந்தக் கணக்கு உண்டு. ஹீரோவின் முகத்துக்கு முன்னால் தெரியும் எழுத்து, ஆழக் கணக்கில் அவர் முகத்துக்குப் பின்னால் இருந்தால் மூளை குழம்பிவிடும்.

இந்தியாவின் முதல் 3டி படமான மலையாள 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-ல் வந்தது. தமிழில் ஷங்கரின் '2.0' (2018) நேரடியாக 3டியில் படமாக்கப்பட்டது. 2007-ல் சாதாரணப் படமாக வந்த 'சிவாஜி'யோ 2012 டிசம்பர் 12-ல் 3டியாக மாற்றப்பட்டு வந்தது. இப்படி மாற்றும் படங்களில் ஒரு சௌகரியம்: இரண்டாவது கண்ணுக்கான படத்தையும் முதல் படத்திலிருந்தே உருவாக்குவதால் மேல்-கீழ் பிசகு வராது. ஆனால், ஒவ்வொரு உருவத்தையும் ஓரம் கத்தரித்துப் பிரித்து, அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்த சுவரையும் மரத்தையும் புதிதாக வரைய வேண்டும். தலைமுடி ஓரத்தில் கொழகொழவென்று ஏதோ தெரிந்தால், அவசரத்தில் செய்த வேலை என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லாப் படத்திலும் தலை வலித்தாலோ, பக்கத்தில் இருப்பவர்கள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்க்கும்போது உங்கள் பிள்ளைக்கு மட்டும் படம் தட்டையாகவே தெரிந்தாலோ, கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரு கண்களும் சேர்ந்து வேலை செய்யாத குறை, சோம்பேறிக்கண் போன்றவை இப்படி வெளிப்படுவதுண்டு.

தியேட்டரில் நடுப்பகுதி சீட் நல்லது. தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு பார்த்தால் எடிட்டர் பார்த்துப் பார்த்துப் பொருத்திய மட்டத்தை நீங்களே கலைத்துவிடுவீர்கள். அடுத்த முறை ஒரு குளோசப்பில் கண்ணாடியைச் சில நொடிகள் கழற்றிப் பாருங்கள். படம் முழுக்க இரட்டையாகத் தெரியும்போது எந்த இடம் மட்டும் ஒற்றையாக, தெளிவாக நிற்கிறதோ, அது சரியாகத் திரையின் மட்டத்தில் வைக்கப்பட்ட இடம். பெரும்பாலும் அது நடிகரின் முகமாக இருக்கும்.