கடைசி நேரத்தில் மாறிய நியமனம்

பயிற்சிக் காலம் முழுவதும், "உங்கள் மாவட்டத்துக்கே அனுப்புவோம். தமிழ் தெரிந்த பெண் பொலிஸார் அங்குதான் தேவை" என்று சொல்லி வந்தார்கள். மகள் சொன்னதைக் கேட்டுத் தாயும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை புதிய பட்டியல் வாசிக்கப்பட்டது. அவளுடைய பெயருக்கு நேரே தெற்கிலுள்ள ஒரு பொலிஸ் நிலையம் இருந்தது. காரணம் கேட்டபோது, "சேவையின் தேவை" என்றார்கள். தகுதிகாண் காலத்தில் இருக்கும் புதிய கொன்ஸ்தாபிள் அதற்கு மேல் என்ன கேட்பாள்?

"பிள்ளை தூரப் போறாள் எண்டு மட்டும் நான் அழேல்லை" என்கிறார் தாய். "எங்கட பொலிஸில தமிழ் கதைக்க ஒரு பிள்ளை வருமெண்டு ஊரே பாத்துக்கொண்டு இருந்தது."

அப்படிப் பார்த்திருந்தவர்களுள் ஒருவர், கணவனை யுத்தத்தில் இழந்து இரண்டு பிள்ளைகளோடு தனித்து வாழும் பெண். இரவில் ஒருவன் வந்து கதவைத் தட்டுவதை முறையிடவே அவர் பொலிஸுக்குப் போனார். மகளிர், சிறுவர் பிரிவில் அன்று தமிழ் தெரிந்தவர் இல்லை. மொழிபெயர்க்க வெளியிலிருந்து ஓர் ஓட்டோச் சாரதியை அழைத்தார்கள். அவர் பக்கத்து ஒழுங்கைக்காரர்.

"அவருக்கு முன்னால எப்படிச் சொல்லுறது? வேலியைப் பிரிச்சுப் போட்டாங்கள் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்திட்டன்."

சிங்களத்தில் எழுதப்பட்ட அந்த முறைப்பாட்டில் அவர் கையொப்பமிட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றும் அவருக்குத் தெரியாது.

இலங்கைப் பொலிஸில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1952 இல். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் கூறியது. பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் இருமொழி தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் பரிந்துரைத்தது. சட்டமும் பரிந்துரையும் இருந்தாலும், அந்தக் கதிரையில் ஆள் இருந்தால்தான் பெண் வாய் திறப்பாள்.

இடமாற்றமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆள் குறைந்த இடத்துக்கு ஆள் அனுப்பத்தான் வேண்டும். தெற்கிலும் கொழும்பிலும் மலையகத்திலும் தமிழ் பேசும் பெண்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சேவை வேண்டும். ஆனால் ஒருவரை மாற்றும்போது, அவர் போகவிருந்த இடத்தில் யார் இருப்பார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

சகோதரிகளே, முறைப்பாடு செய்யப் போகும்போது இவற்றை நினைவில் வைத்திருங்கள்:

வாய்மூலம் சொல்லும் முறைப்பாட்டை நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அவர்களால் தமிழில் எழுத இயலாவிட்டால் நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். என்ன எழுதப்பட்டது என்று விளங்காமல் கையொப்பமிட வேண்டாம்.

பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வன்முறையென்றால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நேரடியாக நீதவான் நீதிமன்றத்திலும் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும், பொலிஸார் முறையாக நடக்காவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

தனியே எழுதப் பயமென்றால் சங்கமாகச் சேர்ந்து எழுதுங்கள். அந்தத் தாயின் ஊரில் மாதர் சங்கத்தினர், தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவரைக் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. இப்போது இரண்டாவது கடிதம் எழுதுகிறார்கள்.

மகள் தெற்கில் கடமையைப் பொறுப்பேற்றுவிட்டாள். தொழிலுக்காக அங்கு வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதியதாகத் தொலைபேசியில் சொன்னாளாம்.

"கேக்கச் சந்தோசமாத்தான் இருந்தது" என்கிறார் தாய். "அங்க என்ர பிள்ளை இருக்கிறாள். இங்க ஆர் இருக்கினம்?"