படைவீரர் இறந்தால்: ஊர் நினைப்பதும் குடும்பம் பெறுவதும்

தேனி மாவட்டத்தில் வைகைக் கரையோரம் உள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தையவை. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் கல் இது என்று அவற்றில் ஒன்றில் தமிழி எழுத்தில் வெட்டியிருக்கிறது. யார், எந்த இடம், எப்படி இறந்தான் என்ற மூன்று சேதிகள்தான் அதில் உண்டு.

இன்று இதே மாவட்டத்தின் தேவாரத்திலிருந்தோ போடியிலிருந்தோ பட்டாளத்துக்குப் போன ஒருவர் இறந்தாலும் அதே மூன்று சேதிகள்தான் கோப்பில் ஏறுகின்றன. அந்த மூன்றாவது சேதியை வைத்துத்தான் குடும்பத்துக்கு மாதாமாதம் எவ்வளவு வரும் என்பது முடிவாகிறது. ஊரில் பலருக்கு இது தெரிவதில்லை.

முதல் சில நாட்கள்

உடல் பெரும்பாலும் மதுரை விமான நிலையம் வரை விமானத்தில் வரும். அங்கிருந்து ராணுவ வண்டியில் ஊருக்கு வரும். ஆட்சியர், காவல்துறை அதிகாரிகள் மாலை வைப்பார்கள். வானை நோக்கிக் குண்டு முழங்கும். பெட்டியின் மேல் போர்த்திய தேசியக் கொடியைச் சிதையிலோ குழியிலோ இடக்கூடாது என்பது விதி. அதை மடித்து மனைவியிடமோ பெற்றோரிடமோ கொடுப்பார்கள்.

சில வாரம் கழித்து அவருடைய இரும்புப் பெட்டி வரும். மூடியில் வெள்ளை பெயிண்டில் அவருடைய படை எண். உள்ளே உடுப்பு, ஷூ, செல்போன், சவரப்பெட்டி, பிள்ளைகளின் போட்டோ. என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். பட்டியலைச் சரிபார்த்து, நகல் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது. பெட்டியில் கிடக்கும் பழைய தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். படை எண், யூனிட், பதிவு அலுவலகத்தின் முகவரி மூன்றும் அந்தத் தாள்களில்தான் கிடைக்கும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் பதிவு அலுவலகம் நீலகிரியின் வெலிங்டனில் இருக்கிறது. பீரங்கிப் படை என்றால் நாசிக்கில்.

எப்படி இறந்தார் என்பதன் விலை

பணியில் இருக்கும்போது நேரும் இறப்புகளை ராணுவம் ஐந்து வகையாகப் பிரிக்கிறது. பணிக்குச் சம்பந்தமில்லாத இறப்பு முதல் வகை. பணிச் சூழலால் வந்த நோய் இரண்டாவது, பணியின்போது நேர்ந்த விபத்து மூன்றாவது. தீவிரவாதிகளின் தாக்குதல் போன்றவை நான்காவது வகை. போர், எல்லைச் சண்டை, எதிரியின் நடவடிக்கை ஆகியவை ஐந்தாவதில் வரும்.

இறந்தவரின் கணக்கிடும் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம்தான்: 10 ஆண்டுகளுக்கு மாதம் 20,000, அதன் பிறகு 12,000. இரண்டாவது, மூன்றாவது வகைகளில் 60 சதவீதம், அதாவது 24,000. கடைசி இரண்டு வகைகளில் முழுச் சம்பளமான 40,000. இவற்றோடு அகவிலை நிவாரணமும் சேரும். ஒரே சம்பளம் வாங்கிய இருவரின் வீடுகளுக்கு இடையே இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்றால் காரணம் காகிதத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு வரிதான். எனவே எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பிறகு ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது.

ஒருமுறை வரும் பணம்

பணிக் கடமையின்போது இறந்தவர் என்றால் ஓய்வூதியத்தோடு மத்திய அரசின் கருணைத்தொகையும் உண்டு. 2016இல் திருத்திய விதிப்படி, இறப்பின் காரணத்தைப் பொறுத்து 25 இலட்சம் முதல் 45 இலட்சம் ரூபாய் வரை. ராணுவக் குழுக் காப்பீடு, வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை ஆகியவை தனி. மாநில அரசு அறிவிப்பது வேறு. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 20 இலட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. அவருக்கு வீர் சக்ரா விருதும் வழங்கப்பட்டது.

போரிலோ படை நடவடிக்கையிலோ இறந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தைத் திரும்பத் தரும் திட்டம் 1970களிலிருந்து இருக்கிறது. 2017இல் இதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2018 மார்ச்சில் அதை நீக்கிவிட்டார்கள். பள்ளி, கல்லூரி ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் இது கைக்கு வரும்.

மனைவியும் பெற்றோரும்

வீட்டுக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கும். குடும்ப ஓய்வூதியம் மனைவிக்குத்தான். காப்பீடும் வைப்புநிதியும் இறந்தவர் எழுதிவைத்த நியமனப்படி பிரியும். மனைவிக்கு இவ்வளவு, அம்மாவுக்கு இவ்வளவு என்று அவரே பிரித்து எழுதியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன் எழுதிய நியமனத்தை மாற்றாமல் விட்டிருந்தால் சிக்கல்தான். பணியில் இருக்கும் பிள்ளைகள் லீவில் வரும்போது, நியமனத்தை மாற்றிவிட்டாயா என்று கேட்பது அபசகுனம் ஆகாது.

மணமாகாமல் போரில் இறந்தவர் என்றால் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து, மேலே சொன்ன முழுச் சம்பள ஓய்வூதியத்தில் 75 சதவீதம் கிடைக்கும். ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார் என்றால் 60 சதவீதம்.

மறுமணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீர விருதுக்கான மாதப்படியைக் கைம்பெண் தொடர்ந்து வாங்க வேண்டுமானால் கணவரின் தம்பியையோ அண்ணனையோதான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அதை எடுத்தது. இப்போது யாரை மணந்தாலும் அந்தப் படி நிற்காது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டால்தான் பணம் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

எங்கே போவது?

மாவட்டத் தலைநகரான தேனியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் எழுதவும், பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பவும், கல்வி உதவி கேட்கவும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். இப்போது படைத்துறை ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணைய முறையில் நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று பதிவு செய்யாவிட்டால் பணம் நின்றுவிடும். பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தே இதை முடிக்கலாம்.

வேலையை அதிகம் இழுத்தடிப்பது பெயர்க் குழப்பம். ராணுவப் பதிவில் முழுப்பெயர், ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் இனிஷியல் மாறி என்று இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கினால்தான் கோப்பு நகரும்.

ஊர் செய்யக்கூடியது

பதினாறாம் நாள் காரியம் வரை கூட்டம் இருக்கும். தெருமுழுக்க ஃபிளெக்ஸ் இருக்கும். அதன் பிறகு தேனிக்கும் வங்கிக்கும் அலைவது இறந்தவரின் மனைவி ஒருத்திதான். விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் வீடு என்றால் ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலி போய்விடும்.

டிசம்பர் 7 கொடி நாளில் திரட்டும் நிதி இப்படிப்பட்ட குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும்தான் போகிறது. சட்டையில் கொடி குத்திக்கொள்ளும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். சிலை வைக்கவும், தெருவுக்குப் பெயர் வைக்கவும் வசூல் செய்யும் குழு, படித்த ஒரு பையனையோ பெண்ணையோ ஓராண்டுக்கு அந்தக் குடும்பத்தின் கோப்பு வேலைக்கு ஒதுக்குவது என்றும் தன் தீர்மானத்தில் எழுதிக்கொள்ளட்டும். அதற்கு ஆகும் செலவு பஸ் கட்டணமும் ஜெராக்ஸ் காசும்தான்.