அஸருக்குப் பின் கண்ணாக் கரையில்

காடு என்றதும் நம் மனம் குடும்பிமலைப் பக்கம் போய்விடுகிறது. மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் வாழும் நமக்குக் காடு அவ்வளவு தூரத்தில் இல்லை. காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும், வாவியோரத்தில் ஆங்காங்கே எஞ்சி நிற்கும் கண்ணாவும் கண்டலும் ஒரு காடுதான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க அது போதும்.

நம்மில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். போர்க்காலத்தில் வாவிக்கரைப் பற்றைகள் பயத்தின் இடமாக இருந்தன. பாதுகாப்பின் பெயரால் பல இடங்களில் கண்டல் வெட்டியும் அகற்றப்பட்டது. “அந்தப் பக்கம் போகாதே மகன்” என்று அன்று நம் உம்மாமார் சொன்னதில் நியாயம் இருந்தது. 2009இல் போர் முடிந்தது. அந்தச் சொல் மட்டும் இன்னும் முடியவில்லை. பார்க்காத இடத்தில் யாருக்கும் பாசம் வராது. அதனால்தான் குப்பைப் பையை வாவியோரம் வீசும்போது நம் கை கூசுவதில்லை.

பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? கண்ணா இலையை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. அதன் அடியில் விரல்களைப் போலச் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு விடும் வேர்கள். கண்டலின் விதையோ தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர் பிடிக்கிறது. நாம் ஆணம் காய்ச்சும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒளிந்து வளர்வதும் இந்த வேர்களுக்கிடையில்தான்.

ஒன்று சொல்கிறேன், நான் ஆசிரியனாக இருந்தும் சொல்கிறேன்: அங்கே பாடம் நடத்தாதீர்கள். பிள்ளை ஒரு நண்டு வளையின் முன் கால் மணி நேரம் குந்தியிருந்தால் நீங்களும் குந்துங்கள். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு விசாரித்ததை புகாரி கிரந்தத்தில் காண்கிறோம். எத்தனை பெரிய பொறுப்புகளுக்கிடையில் ஒரு குழந்தையின் குருவிக்கு அங்கே நேரம் இருந்தது!

கவனமும் வேண்டும். வாவியில் முதலை உண்டு. தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள். தில்லை மரத்தைத் தொட விடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எது தில்லை, எது கண்ணா என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் முதல் தடவை மூத்தம்மாவையோ தோணிக்காரர் ஒருவரையோ கூட்டிப் போங்கள். அதுவரை எந்த இலையையும் வாயில் வைக்க வேண்டாம். செருப்பில்லாமல் போகாதீர்கள், போத்தல் ஓடுகள் நிறையக் கிடக்கின்றன. அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் மஃரிபுக்கு முன் வீடு திரும்பலாம். மார்கழி மழையில் வாவி நிரம்பியிருக்கும், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

சேற்றில் புதிதாகக் குத்திட்டு நிற்கும் கண்டல் கன்று ஒன்றைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். அடுத்த மாதம் போய் அதைத் தேடுங்கள். புது இலை விட்டிருக்கலாம். யாரோ கொட்டிய மண்ணுக்குள் புதைந்தும் போயிருக்கலாம். எதுவானாலும் பிள்ளை உங்களிடம்தான் காரணம் கேட்கும்.