நாயும் கோழியும் ஒரு முற்றத்தில்

எங்கள் வளவில் ஆறு ஆண்டுகளாகத் தனியரசு செலுத்திவந்தது ரைகர் என்னும் நாய். நாய்க்குப் புலியின் பெயரைச் சூட்டியவர்கள் என் பிள்ளைகள். பெயர் பொருந்தாதென்று யான் வாதாடியதுண்டு. ஆயினும், நாயின் இளமைக்கும் புலியின் இளமைக்கும் குருளை என்னும் ஒரே பெயரை மரபியலில் தொல்காப்பியர் வகுத்திருத்தலை நினைந்து பின்னர் அமைந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு, வீட்டு முட்டைத் தேவைக்கென ஆறு இளம் பேடுகளை வாங்கிக் கோடிப்புறத்திலே கூடொன்று அமைத்தோம். மூன்றாம் நாட் காலை, கூடு திறந்ததும் பேடொன்று சிறகடித்து ஓடிற்று, ரைகர் பாய்ந்தது. யான் கூவிக்கொண்டு செல்லுமுன் யாவும் முடிந்துவிட்டன. பூவரசங் கம்பை முறித்து அடித்தேன். நான்கு நாட்கள் அடி நற்பயன் தந்தது போலவே தோன்றிற்று. யான் முற்றத்தில் நிற்கையில் ரைகர் கோழிகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள் யான் கல்லூரியில் இருந்த வேளை, வேலிப் பொட்டால் இரைதேடி வந்த அயல்வீட்டு ஆச்சியின் அடைக்கோழி அதன் வாயில் மடிந்தது.

அவ்வாச்சி முட்டை விற்றே தமது கைச்செலவைப் பார்ப்பவர். கோழியோடு அது அடைகாத்த முட்டைகளும் வீணாயின. கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் தெளியவில்லை. “ருசி கண்ட நாய் இனித் திருந்தாது, தம்பி. எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ” என்றார். செத்த கோழியை நாயின் கழுத்திற் கட்டிவிடும்படி வேறொருவர் யோசனை கூறினார். நாற்றத்தைச் சுமந்து திரிவதால் நாய் எதை உணரும்?

பிரம்பு வகுப்பறையை விட்டு நீங்குமுன் அதனைக் கையாண்ட ஆசிரியருள் யானும் ஒருவன். கோழியைத் தொடலாகாது என்பதை என் அடி ரைகருக்குக் கற்பிக்கவில்லை. யான் நிற்கும்போது தொடலாகாது என்பதையே கற்பித்தது. அன்றிரவு இதனை எண்ணியபோது பழைய மாணாக்கர் சிலருடைய முகங்களும் நினைவுக்கு வந்தன. அது வேறு கதை.

நாய் ஓநாயின் வழி வந்தது. மனிதனோடு பதினாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், உற்றுநோக்கல், பதுங்கல், துரத்தல், கவ்வல் என்னும் வேட்டைத் தொடர் அதனை விட்டு முற்றாக அகலவில்லை. ஓடுவதும் சிறகடிப்பதும் அலறுவதும் அத்தொடரைத் தூண்டிவிடுவன. கோழியோ அஞ்சினால் இம்மூன்றையும் ஒருங்கே செய்யும். ஆகவே துரத்தத் தொடங்கிய பின் தடுக்க முயல்வது காலங்கடந்த செயல். உற்றுநோக்கும் நிலையிலேயே நாயின் கவனத்தைத் திருப்பல் வேண்டும்.

முதலில் வேலிப் பொட்டை அடைத்தேன். கூட்டைச் சுற்றிக் கம்பிவலை இட்டு, நாய் பறித்து நுழையாதவாறு அதன் அடியை ஓரடி ஆழத்திற் புதைத்தேன். அதன்பின், மாலைதோறும் ரைகரை நெடுந்தூரம் நடத்திக் களைப்பாற்றி, கயிற்றிற் பிடித்தபடி கூட்டுக்கு இருபது பாகத் தொலைவில் அமர்ந்தேன். கோழியைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தால், அந்தக் கணமே வேகவைத்த மீன்துண்டு ஒன்று. பிறிதொன்றும் இல்லை, அதட்டலும் இல்லை. காது முன்மடிந்து, வாய் மூடி, உடல் விறைத்து, முன்கால் ஒன்று உயர்ந்ததாயின், அணுகியது மிகையென்று கொண்டு பின்வாங்கினேன். ஒரு நாள் இரண்டு பாகம் முன்னேறுவோம். மறுநாள் ஐந்து பாகம் பின்னேகுவோம். பத்து நிமிடத்திற்கு மேல் ஒருபோதும் இருத்தியதில்லை. கோழிகளும் கற்றுக்கொண்டன என்பதைச் சொல்லவேண்டும். நாயைக் கண்டால் அலறி எழுந்த பேடுகள், நாளடைவில் வலையருகே மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றன. ஓடாத கோழி நாய்க்குப் பாதி சுவையற்ற பொருள்.

வலைக்கு அருகே ரைகர் படுத்து உறங்கியது ஏழாம் வாரத்தில். அதன்பின்னரே கோழிகளை முற்றத்தில் விட்டு, நாயை நீண்ட தும்புக் கயிற்றில் நடத்தினேன். இக்கயிற்றுப் பருவம் மேலும் ஒரு மாதம் நீடித்தது. ஒரு நாள் பேடொன்று பருந்துக்கு அஞ்சிச் சிறகடித்து அதன் மூக்கருகே பறந்தது. ரைகர் எழுந்தது, உடல் நடுங்கிற்று, என்னைத் திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த மீன் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

எல்லா நாய்களும் இவ்வாறு பழகும் என்று யான் கூறேன். வேட்டைக்கென வளர்த்தெடுத்த இனங்களுட் சில வாழ்நாள் முழுவதும் வலைக்கு அப்பாலேயே நிற்க வேண்டியவை. குட்டிப் பருவத்தில், மூன்று முதல் பன்னிரண்டு வாரத்துள், கோழிகளைக் கண்டு வளர்ந்த நாய்க்கு இத்துணைப் பாடும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

ஆச்சிக்கு எங்கள் பேடுகளுள் அடைக்கு வந்த ஒன்றைக் கொடுத்தோம். இருபத்தொரு நாளில் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. இப்பொழுதும் அவர் வேலியோரம் வந்தால் முதலிற் கேட்பது, “நாயைக் கட்டியிருக்கிறியளோ?” என்பதே. கல்லூரிக்குப் புறப்படுமுன் கட்டிவிட்டுத்தான் செல்கின்றேன்.