ராஜாவும் ஐயர்மாரும்

போன வாரம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் பார்த்தோம். அவரையும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரையும் ஒரே ஆளாக்கிவிடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முன்சீப் கத்தோலிக்கர், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர். சாஸ்திரியார் அவரைவிட அரை நூற்றாண்டு மூத்தவர், சுவிசேஷக் கவிராயர்.

1774-ல் திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்து வந்துவிட்டார். அதே ஐயரின் பராமரிப்பில் இருந்த இன்னொரு பிள்ளைதான் பின்னால் அரசரான இரண்டாம் சரபோஜி. ஒருவர் சிம்மாசனம் ஏற, மற்றவர் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியாரானார்.

வாத்தியார் வேலை வயிற்றுக்கு. மனசு முழுக்கப் பாட்டு. 1800 வாக்கில் அவர் பாடிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யை எடுத்துக்கொள்ளுங்கள். குறவஞ்சி என்றால் உலா வரும் தலைவன், அவன்மேல் காதல் கொள்ளும் பெண், கைபார்த்துக் குறி சொல்லும் குறத்தி, அவளைத் தேடிவரும் சிங்கன் எல்லாம் வேண்டுமே! எதையும் அவர் விடவில்லை. தலைவன் இயேசு. காதல் கொண்ட தேவமோகினி, திருச்சபை. குறத்தி, விசுவாசம். கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறவர்கள், ஆத்துமாக்களைப் பிடிக்கும் ஊழியக்காரர்கள். இடையில் கோப்பர்னிக்கஸின் வானசாஸ்திரத்தையும் நுழைத்திருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் புத்தி போகுமா!

கோயில் தெய்வத்தின்மேலும் ஒன்று பாடும்படி சரபோஜி கேட்டதாகவும், இவர் மறுத்து இயேசுவின்மேல் பாடியதாகவும் வழிவழியாகச் சொல்வார்கள். அரசரோடு இருந்த உறவு அதனால் முறிந்துவிடவில்லை.

தலைவலி வந்தது சொந்த வீட்டிலிருந்துதான். சுவார்ட்ஸ் 1798-லேயே காலமாகிவிட்டார். 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாருக்கு, கோயிலில் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடுவது பிடிக்கவில்லை. பண்டிகைக்குப் பூ வைப்பது பிடிக்கவில்லை. சபை மனப்பாடமாக வைத்திருந்த பப்ரிசியுஸின் வேதாகமத் தமிழையும் மாற்றப் பார்த்தார்கள். சாஸ்திரியார் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். கடைசியில் வேலை போயிற்று. ஆதரித்தவர் சரபோஜி. கிறிஸ்தவப் பாட்டை விட்டுக்கொடுக்காத கவிஞருக்கு, சைவக் கோயில்களைப் பராமரித்த மராட்டிய அரசர் படியளந்தார்.

அவரை அப்படியே தலையில் தூக்கிவைத்து ஆட எனக்கு மனமில்லை. அதே மிஷனரிமார் ஜாதி பாராமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இராப்போஜனம் வாங்க வேண்டும் என்றார்கள். அதையும் அவர் எதிர்த்தார். ராகத்துக்காக வாதாடிய அதே பேனா ஜாதி ஆசாரத்துக்காகவும் வாதாடியது. பாட்டு விஷயத்தில் ஐயர்மார் தவறு, பந்தி விஷயத்தில் சாஸ்திரியார் தவறு. அவரைக் கொண்டாடும் மேடைகளில் இந்த இரண்டாவது பாதியை யாரும் எடுப்பதில்லை.

1853-ல் அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் ஐயர் ஆராதனையில் பாடுவதற்கென்றே ஒரு கீர்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாட்டுகளும் இடம்பெற்றன. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார். காலமானது 1864-ல்.

(தொடரும்)